நாற்பத்தாறில் அத்தையின் பங்கு

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருடம் எனக்குக் கல்யாணம். மறுவருடம் மகள் பிறந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பக்கத்துக்கு மனிதக் குரோமோசோம்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன்.

அப்போது நான் மலாக்காவிலிருந்து அந்த நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம், பெரியவர் யாராவது வந்து கட்டடம் திறப்பது, இவைதான் செய்திகள். ஞாயிறு பக்கத்தில் விஞ்ஞானம் கொஞ்சம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். நூலகத்தில் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு நாள் எழுதினேன்.

குரோமோசோம் என்பதை வாசகருக்கு எப்படிச் சொல்வது? கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைச் சொன்னேன். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் மெல்லிய நூல்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, செருப்பைப் போல. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. நமக்குப் பிள்ளை பிறக்கும்போது நாம் ஜோடியை அப்படியே கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒற்றைச் செருப்பு ஒன்றுதான் போகிறது. இடது போகுமா வலது போகுமா என்பது யார் கையிலும் இல்லை. கணவனிடமிருந்து வந்த ஒற்றைகளும் மனைவியிடமிருந்து வந்த ஒற்றைகளும் சேர்ந்து புது ஜோடிகள் ஆகின்றன. நிறம், முடி, மூக்கு எல்லாவற்றுக்கும் உரிய குறிப்புகள், ஜீன்கள், இந்த நூல்களில்தான் வரிசையாக இருக்கின்றன.

முன்னோர் விஷயத்தில் செருப்பு வேண்டாமே என்று ஆசிரியர் கடிதம் எழுதினார். பிறகு அவரே விட்டுவிட்டார்.

ஆனால் எண்ணிக்கையில் நான் தவறு செய்திருந்தேன். நான் பார்த்த புத்தகங்கள் பழையவை. அவற்றில் நாற்பத்தெட்டு என்று இருந்தது. உலகம் முழுவதும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நாற்பத்தாறுதான் என்று அண்மையில் கண்டுபிடித்திருந்தார்கள். சிரம்பானிலிருந்து ஒரு வாசகர் எழுதிப்போட்டார். அடுத்த ஞாயிறு பெட்டிக்குள் இரண்டு வரித் திருத்தம் வந்தது.

நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் அந்த வாரம் எனக்கு நிம்மதி இல்லை.

"என்ன தம்பி, ரெண்டு கொறையுதாமே? பஸ்ஸுல வுட்டுட்டு வந்தீங்களா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

பாசாரில், எங்கள் ஊர்ச் சந்தையில், அத்தை தன் வாடிக்கைக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க மாப்ள பேப்பர்ல ஆளுக்கு ரெண்டு கூட எழுதிட்டாரு. கொசுறுதானே, வாங்கிக்க."

இந்த அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. மாமா இறந்த பிறகு மசாலா அரைத்து விற்றார். விடிவதற்குள் மீனுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக அரைத்து, உருண்டை பிடித்து, வாழையிலையில் அடுக்கிப் பாசாருக்குக் கொண்டுபோவார். அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, தெங்கேராவில் ஒரு சீனக் குடும்பத்திலிருந்து எட்டு நாள் பெண் குழந்தை ஒன்றை வாங்கி வளர்த்தார். அந்த நாளில் மலாக்காவில் அது அதிசயம் இல்லை. சீன முகத்தோடு தாவணி போட்டுக்கொண்டு கோயிலில் கோலம் போடும் பெண்கள் தெருவுக்கு ஒருத்தியாவது இருந்தார்கள்.

அந்தக் குழந்தைதான் என் மனைவி. அத்தை மகள் என்பதால் எனக்கு முறைப்பெண். அந்த முறையில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவளுக்குச் சீனத்தில் எண்ணக்கூடத் தெரியாது.

கல்யாணத்துக்கு மறுநாளே அத்தை என்னை 'டேய்' என்பதை நிறுத்தினார். 'மாப்ள' ஆனேன். பெண் வீட்டுக்காரராகவே மாறிவிட்டார். சீர் கொண்டுவந்தார், பின்னால் நின்றார், சாப்பாடு பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டார். அதை நானும் கவனித்தேன். ஆனால் எதையும் அதிலிருந்து ஊகிக்கவில்லை.

திருத்தம் வெளிவந்த அன்று என் மனைவிக்கு ஏழாம் மாதம். பத்திரிகையை வயிற்றின் மேல் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், நாப்பத்தாறுல என்னோடது எத்தனை?"

"பிள்ளைக்கா? இருபத்து மூணு."

"உங்களோடது?"

"இருபத்து மூணு."

"இதுல எங்க அம்மாவோடது எத்தனை?"

அத்தை அவளைப் பெறவில்லை. அவளுடைய இருபத்து மூன்றும் யாரோ இரண்டு சீனர்களுடையவை. பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"ஒண்ணும் இல்லை," என்றேன்.

அவள் பத்திரிகையை மடித்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. "அதத்தான் அம்மாவும் சொல்லிக்கிட்டிருக்காங்க," என்றாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பாசாரில் யாரோ ஒருத்தி மசாலா வாங்கிக்கொண்டே அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்: "பேரப்புள்ள அந்த ஜாடையிலதான் வரும், உனக்கென்ன அதுல ஒட்டு?" அத்தை சிரித்துவிட்டு உருண்டையை மடித்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரு முடிவைச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் தொட்டிலில் போடுவது எங்கள் வழக்கம். பெண்ணைப் பெற்றவள்தான் பிள்ளையை ஏந்தித் தொட்டிலில் விடுவாள். அதைத் தான் செய்யப் போவதில்லை என்றார் அத்தை. "உன் நாத்தனார் போடட்டும். அவதான் ரத்தம்."

"நீங்க போடலைன்னா எனக்குத் தொட்டிலே வேணாம்," என்று மகள் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் அதில் நின்றுவிட்டார்கள். நடுவில் நான் போய் அச்சிட்ட ஆதாரத்தோடு 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிவிட்டேன்.

மகள் பெரியாஸ்பத்திரியில் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். பிறப்புப் பதியும் இடத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். இனம் என்ற கட்டத்தில் 'இந்தியர்' என்று எழுதி மை ஒற்றினார். அரை நிமிட வேலை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் மனைவியும் குழந்தையும் அத்தை வீட்டில் இருந்தார்கள். நான் தினமும் சாயங்காலம் போவேன். அத்தை மகளுக்குப் பத்தியச் சமையல் செய்தார், வெந்நீர் வைத்தார், துணி துவைத்தார். பிள்ளையைத் தூக்கச் சொன்னால் மட்டும், "கையெல்லாம் மொளகாக் காரம், புள்ளைக்கு எரியும்," என்பார். நியாயமான காரணம்தான். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளையைப் பார்க்க யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால், சமையலறையில் அம்மிச் சத்தம் தொடங்கும். முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து முறையும் அம்மி ஓடியது. அவர்கள் போனதும் நின்றது.

வந்தவர்கள் செய்த காரியம் அப்படி. எங்கள் பெண்கள் கூடினால் பிறந்த பிள்ளையைப் பாகம் பிரிப்பார்கள். நெற்றி அப்பனுக்கு, மோவாய் சித்தப்பனுக்கு, கால் பெருவிரல் செத்துப்போன யாரோ ஒரு தாத்தாவுக்கு என்று தலை முதல் கால் வரை பங்கு போட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். பங்கு கிடைக்காதவர்கள் முகம் சுண்டிப்போவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

முப்பதாம் நாள் வந்தது. தொட்டில் கட்டியாகிவிட்டது. புதுச் சேலை, வேப்பிலைக் கொத்து, சுண்டல், கச்சான் என்ற நிலக்கடலை, கேசரி. கிளேபாங்கிலிருந்து என் அக்கா காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டாள். அம்மா அப்பா இல்லாத எங்கள் பக்கத்துக்கு அவள்தான் தலைமை. பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்ணும் வந்திருந்தார்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வழி. நம் சாமிகளைத்தான் கும்பிடுவார், ஆனால் பேச்சு முழுக்க அவர்களுடைய மலாய். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி, குழந்தைக்கு ஒரு வெள்ளி அரைஞாண் கொண்டுவந்திருந்தார்.

தொட்டிலில் யார் போடுவது என்பது அந்த நேரம் வரை முடிவாகவில்லை. சமையலறையில் அம்மி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அரைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"ஹிடோங் சியாப்பா நி?" என்று செட்டிப் பெண் குழந்தையின் மூக்கைத் தொட்டார். யாருடைய மூக்கு இது என்பதில் ஆரம்பித்தது.

"எங்க மூக்கு!" என்றாள் அக்கா ஒரே பிடியாக. "எங்க பக்கம் எல்லாருக்கும் இப்படி உருண்டைதான். காதும் எங்களோடதுதான். கண்ணு அவளோடது, அத வுட்டுக் குடுத்தாச்சு. முடி அவளோடது."

"அண்ணி, எனக்கு ஏதாவது மிச்சம் வையுங்க," என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் சமையலறைப் பக்கம் இருந்தது.

அக்கா குழந்தையின் மூடிய கையை மெல்ல விரித்தாள். "அடடா, இந்தச் சுண்டு வெரலப் பாருங்க. உள்ளாற வளைஞ்சிருக்கு. டேய் தம்பி, உன் கையக் காட்டு."

காட்டினேன். என் சுண்டு விரலின் நுனி மோதிர விரலைப் பார்த்து வளைந்திருக்கும். இரண்டு கையிலும் அப்படித்தான்.

"அச்சு அசல்! எங்க அப்பாவுக்கும் இதே வெரல். எனக்குத்தான் வரலை. வெரல் எங்களுக்கு!"

என்னைக் காப்பி எடுத்து வரச் சொன்னார்கள். சமையலறைக்குப் போனேன். அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் அம்மியில் குழவியை இழுத்துக்கொண்டிருந்தார். எட்டு விரல்கள் குழவியைப் பிடித்திருந்தன. சுண்டு விரல்கள் இரண்டும் கல்லில் படாமல் தூக்கி, நுனி உள்ளே வளைந்து நின்றன.

பிறந்ததிலிருந்து பார்த்த கை அது. வருடக்கணக்காக அரைப்பதால் கோணிய கை என்றே நினைத்திருந்தேன். அவருடைய எல்லா விரல்களும் ஏதோ ஒரு பக்கம் கோணலாகத்தான் இருந்தன.

"அத்தை, இந்தச் சுண்டு விரல் எப்ப வளைஞ்சது?"

"அரைச்சு அரைச்சுதான், மாப்ள. காப்பி அந்தச் சட்டியில இருக்கு."

"அரைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி?"

குழவி நின்றது. "முன்னாடியா? சின்னப் புள்ளையில வளையல்காரன் திட்டுவான். இந்த ஒரு வெரல் வளையலுக்குள்ள வராம மாட்டும். ரெண்டு ஒடஞ்சிருச்சுன்னு எங்கம்மாகிட்ட சண்டைக்கு வந்தான்."

"அப்ப என்ன வயசு?"

"ஏழு, எட்டு இருக்கும். அப்பல்லாம் நான் அம்மியத் தொட்டதே இல்ல." சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பத்திரிகை அச்சேறி பஸ்ஸில் போன பிறகு தவறு கண்ணில் படும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் இப்போது எனக்கு வந்தது. ஒரு விரல் எதையும் நிரூபிக்காது. விரல் வளைய ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் விரல் ஞாபகப்படுத்திய உறவுக்கு நிரூபணமே வேண்டாம். இவர் என் அப்பாவின் அக்கா. இவருடைய பங்கை எல்லோரும் மகள் வழியிலேயே தேடிக்கொண்டிருந்தோம். அவரும் அப்படித்தான் தேடினார். கல்யாணத்தில் பெண் வீட்டுப் பக்கம் உட்கார்ந்தவரை அந்தப் பக்கமே விட்டுவிட்டோம். அவருடைய பங்கு மருமகன் வழியாக வந்திருந்தது.

"அத்தை, கூடத்துக்கு வாங்க."

"கையில காரம்..."

"அம்மியில மசாலாவே இல்லையே அத்தை. வாங்க."

அவர் சமையலறை வாசற்படி வரை வந்தார். நான் தரையில் உட்கார்ந்து ஒரு தட்டில் இருபத்து மூன்று கச்சான் கொட்டைகளை எண்ணி வைத்தேன். பக்கத்தில் இருபத்து மூன்று கொண்டைக்கடலை.

"கச்சான் இவளோடது," என்றேன் மனைவியைக் காட்டி. "கடலை என்னோடது. பிள்ளைக்கு மொத்தம் நாற்பத்தாறு. என் கடலையில ஏறக்குறையப் பாதி எங்க அம்மா குடுத்தது, பாதி எங்க அப்பா குடுத்தது." பன்னிரண்டு கடலைகளைப் பிரித்தேன். "அப்பாவும் அத்தையும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ஒரே ரெண்டு பேர்கிட்டேயிருந்து எடுத்தவங்க. அப்பா எடுத்ததுல பாதி அத்தைகிட்டயும் இருக்கும்." ஆறு கடலைகளை நகர்த்தி வாசற்படிப் பக்கம் வைத்தேன். "இது அத்தையோடது."

அக்கா பன்னிரண்டில் மிச்சமிருந்த ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.

"அக்கா! கணக்கு!"

"எங்க அப்பாவோடதுதானே? நான் திங்கக் கூடாதா?"

"முழுசு முழுசா இப்படிப் பிரியாது," என்றேன். விட்டுவிட மனம் வரவில்லை. "நூல்கள் நடுவில துண்டு மாத்திக்கும். ஐந்து இருக்கலாம், ஏழு இருக்கலாம். சராசரி ஆறு."

என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, அத்தான்."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"மூணு மாசம்!" என்றாள். கையில் குழந்தை இல்லாவிட்டால் தலையணையை வீசியிருப்பாள். அவள் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது. "மூணு மாசமா நாங்க ரெண்டு பேரும் இங்க..."

"டேய்!" என்றார் அத்தை வாசற்படியிலிருந்து. கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் டேய். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? பேப்பர்ல செருப்புக் கதையெல்லாம் எழுதினியே!"

"விரலப் பாருங்கத்தை," என்று அக்கா குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாள். "எங்க அப்பா வெரல்."

"உங்கப்பன் வெரலா? அவனுக்கு முன்னாடி நாலு வருசமா இது என் கையில இருந்துச்சு. எங்கிட்டேயிருந்துதான் அவனுக்குப் போச்சு."

விஞ்ஞானப்படி அது தவறு. அக்காவிடமிருந்து தம்பிக்கு எதுவும் போவதில்லை. நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என் முழங்காலில் கிள்ளினாள்.

அத்தை கிணற்றடிக்குப் போனார். அரிசி கழுவிய தண்ணீரில் கையைத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார், தேங்காய் எண்ணெய் தடவினார். நாக்கின் நுனியில் சுண்டு விரலை வைத்துக் காரம் இருக்கிறதா என்று பார்த்தார். வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். என் மனைவி பிள்ளையை அந்தக் கைகளில் வைத்தாள். முப்பது நாளில் அத்தை அவளைத் தூக்கியது அதுதான் முதல் முறை. தொட்டிலில் விடாமல் நெடுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். நல்ல நேரம் போகிறது என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். அத்தை பிள்ளையை விரல் விரலாகப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். இதற்கு முன் அவர் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து, பிள்ளையைத் தொட்டிலில் விட்டு, சேலையை ஒதுக்கி மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"மூக்கு யாரோடதுன்னு சொன்ன?"

"எங்களோடது," என்றாள் அக்கா.

"இல்ல. இது அவளோடது."

"யாரோடது?"

"தெங்கேராக்காரியோடது. பின்வாசல்ல நின்னா. சின்னப் பொண்ணு, இருபதுகூட இருக்காது. புள்ளைய என் கையில குடுத்துட்டு, இந்த மூக்கத் தன் சட்டைக் கையால துடைச்சா. உருண்டை மூக்கு, நுனியில லேசா ஒரு பள்ளம். இதோ பாரு, இதே பள்ளம்."

என் மனைவி தன் மூக்கைத் தொட்டாள். அங்கேயும் அந்தப் பள்ளம் இருந்தது. இருபது வருடத்தில் அத்தை அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசி அவள் கேட்டதில்லை.

"எப்படிம்மா இருந்தாங்க?"

"உன்ன மாதிரிதான். உன்னவிடக் கொஞ்சம் குட்டை. நான் ஒரு பொட்டலம் மீன் மசாலா கொண்டுபோயிருந்தேன், வேற என்ன கொண்டுபோறதுன்னு தெரியல. வாங்கி மோந்து பாத்துட்டு ஒரு தும்மல் போட்டா. அழுதுக்கிட்டிருந்தவ சிரிச்சிட்டா. நானும் சிரிச்சேன்."

அக்கா அதைத் தனக்குத் தெரிந்த மலாயில் செட்டிப் பெண்ணுக்குச் சொன்னாள். செட்டிப் பெண் தன் மூக்கை மூடிக்கொண்டு தும்முவதுபோல் செய்து காட்டினார். என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி," என்றாள் அக்கா, பெரிய நிலம் எழுதிக் கொடுப்பவளைப் போல. "மூக்கு தெங்கேராவுக்கு. குடுத்தாச்சு. காதையாவது எங்களுக்கு வுடுங்க."

அத்தை தொட்டிலுக்குள் கையை விட்டார்.

"காதப் பத்தி இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பு, பாப்போம்."